மடங்காத முழங்கால்

என் கறுப்புச் சட்டையின் பொன்னிறப் பொத்தானைத் திருகிக்கொண்டே வீட்டுக்காரி சொன்னாள்: "நாளைக்குப் பொண்ணுக்குக் கார் ஓட்டுற பரீட்சை. மூணாவது தடவை. போயிடாதம்மா, அவளையும் கூட்டிட்டு வரேன்." புகைபோக்கி துடைக்கிறவளைத் தொட்டால் அதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நான் சிரித்து வைத்தேன். என் கவலையெல்லாம் இடது முழங்காலில் இருந்தது. ஐந்து மாதம் கழித்து இன்றுதான் கூரை ஏறுகிறேன்.

எல்லாம் அந்த முள்ளெலியால் வந்த வினை. ஜூன் மாதம் முதலாளி ஹின்னெர்க் தன் பிறந்தநாளுக்குப் எங்கள் பக்கத்து விருந்து வழக்கப்படி வேகவைக்காத பன்றிக் கொத்துக்கறியை முள்ளெலி மாதிரிப் பிடித்து, வெங்காயக் கீற்றுகளை முள்ளாகக் குத்தி எடுத்து வந்தார். ரொட்டியில் தடவி எல்லோரும் தின்றோம். நான் இன்னொரு தடவையும் கேட்டு வாங்கினேன். வயிறு ஒரு வாரம் படுத்தி எடுத்துவிட்டு அடங்கியது. மறந்தே போனேன். அதற்கப்புறம் ஒரு காலையில் முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

"அந்தப் பச்சைக் கறியில வந்த கிருமி எப்பவோ போயிடுச்சு. உங்க உடம்புதான் இன்னும் சண்டைய நிறுத்தல" என்றார் டாக்டர். எப்போது நிறுத்தும் என்று கேட்டேன். "பல பேருக்குச் சில மாசத்துல சரியாயிடும். சில பேருக்கு இழுக்கும்." நான் எந்தக் கூட்டம் என்று அவருக்கும் தெரியவில்லை.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று ஹின்னெர்க்கிடம் பொய் சொல்லியிருந்தேன். கூரை ஏற முடியாதவளுக்கு இந்தத் தொழிலில் என்ன இருக்கிறது? ஆபீஸில் உட்காரவைத்தால் நான் செத்தே போவேன்.

ஏறும்போது கால் ஒத்துழைத்தது. இரும்புக் குண்டு கட்டிய தூரிகையைப் புகைபோக்கிக்குள் இறக்கி, கரியைத் தட்டி, கயிற்றைச் சுருட்டும் வரைக்கும்கூட. இறங்கத் திரும்பினேன். முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஓடெல்லாம் ஈரம்.

"என்ன வீப்கே, அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?" கீழேயிருந்து ஹின்னெர்க்.

"காத்து நல்லா இருக்கு!"

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் அதற்குமேல் கேலி செய்யவில்லை.

தோட்டத்தில் வீட்டுக்காரியும் மகளும் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியும் அண்ணாந்து காத்திருந்தார்கள், நான் இறங்கியதும் தொட்டுக்கொள்வதற்காக. ஹின்னெர்க் தொப்பியைக் கழற்றிப் புல்லில் வைத்தார். "அசையாதம்மா. நான் வரேன்" என்று ஏணியின் முதல் படியில் கால் வைத்தார். அதற்குள் வீட்டுக்காரியின் மகள் ஓடி வந்து அவருடைய பொன்னிறப் பொத்தானை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.