ரிஃப்கா எதற்குத் திரும்பினாள்

காதுகளை எனக்குப் பிடிக்காது. இருபது வருடமாக அவற்றுக்குள் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கும்பகோணத்தில் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியின் மாடியில், கேட்கும் திறனைச் சோதிக்கிற அறை என்னுடையது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஊற்றிய காது வரும். ஊக்கால் குடைந்து சீழ் பிடித்த காது வரும். கோழி இறகை விட்டுச் சுகமாகத் திருகிக்கொண்ட காதும் வரும். போன அறுவடையில் ஒருவர் காதிலிருந்து ஒரு நெல்மணியை எடுத்தார்கள், அது முளை விட்டிருந்தது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

யாரும் இறகு விட முடியாத ஆழத்தில் இருப்பதை மட்டும்தான் நான் மதிக்கிறேன். நத்தைக் கூடு மாதிரிச் சுருண்ட எலும்பு, அதற்குள் நீர், அந்த நீரில் நாற்றங்கால் போல வரிசை வரிசையாக மயிர்ச் செல்கள். ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம் சொச்சம். தாய் வயிற்றில் இருக்கும்போதே அத்தனையும் உருவாகிவிடும், பிறகு ஒன்றுகூடப் புதிதாக வராது. சத்தம் வந்தால் நீர் அசையும், மயிர் சாயும், மயிர் நுனிகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நூல் இழுபட்டு ஒரு வாசல் திறக்கும், நரம்புக்குச் செய்தி போகும். அவ்வளவுதான் கேட்பது என்பது. கோழிக்கு அந்தச் செல் செத்தால் சில வாரங்களில் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது. இதைக் கோழி இறகோடு வருகிறவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அப்துல் ஜலீல் பாய் மாடிப்படி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு முன்னால் அவருடைய அத்தர் வந்தது. பாபநாசத்தில் ஜவுளிக்கடை, அறுபத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, காது மடலுக்குள் அத்தர் தோய்த்த பஞ்சு. அந்தப் பஞ்சைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். கூடவே மருமகள் அனீஸா, அவள் இடுப்பில் பத்து மாதக் குழந்தை ரிஃப்கா. அனீஸா பாய்க்குத் தங்கை மகளும்கூட. மகன் ஷஹ்பாஸ் ஷார்ஜாவில் இருக்கிறான்.

"ஏழு மாசத்துக்கு முன்னாடி வந்தோம் டாக்டரம்மா. பிள்ளைக்குக் காது கேக்கலைன்னு சீட்டு எழுதிக் குடுத்தீங்க" என்றார்.

எனக்கு ஞாபகம் இருந்தது. மூன்று மாதக் குழந்தையின் காதில் சின்னக் குழாயை வைத்துச் சத்தம் அனுப்பினேன். நல்ல மயிர்ச் செல்கள் சத்தத்துக்குத் துள்ளி, தாங்களே ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். இவள் காதிலிருந்து ஒன்றும் திரும்பி வரவில்லை. தூங்கவைத்து எடுத்த நரம்புச் சோதனையிலும் கோடு அசையவில்லை. பிறவியிலேயே அந்த நூல் சரியாக அமையாத குழந்தைகள் உண்டு. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற வீடுகளில் கொஞ்சம் அதிகம். என் வீட்டிலும் அதே கதைதான், அடுத்தவரைச் சொல்ல எனக்கு வாயில்லை.

"உள்காதுல கருவி வைக்கிற ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னேன். செத்த செல்லை விட்டுட்டு அது நேரா நரம்பைத் தூண்டும். அரசாங்கக் காப்பீட்டுல பண்ணிடலாம். சீக்கிரம் வைக்கணும், நாள் போனா மூளை பேச்சைப் பிடிக்காதுன்னும் சொன்னேன். ஏன் வரலை?"

"கேக்குற பிள்ளை மண்டையை எதுக்கும்மா அறுக்கணும்? நான் கூப்பிட்டா திரும்புறா. உங்க மிஷின்தான் பொய் சொல்லுது."

அனீஸா தலையைக் குனிந்துகொண்டாள். "மாமா கூப்பிட்டா மட்டும் திரும்புவா மேடம். நான் கூப்பிட்டா திரும்ப மாட்டா. என்மேல பாசமில்லைன்னு வீட்டுல எல்லாரும் கேலி பண்றாங்க."

பெற்றவளைக் கேலி செய்கிற வீடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தையை அனீஸா மடியில், கதவுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன். பின்னால் நின்று மணி அடித்தேன். தாம்பாளத்தைத் தட்டினேன். குழந்தை அம்மாவின் வளையலைச் சப்பிக்கொண்டிருந்தது.

"தள்ளுங்க" என்று பாய் வந்து குனிந்தார். "ரிஃப்கா!"

குழந்தை சட்டென்று திரும்பி, பொக்கை வாயால் சிரித்தது.

"பாத்தீங்களா?" என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

எனக்கோ மூச்சு முட்டியது. ஏசி அறை, ஜன்னல் சாத்தியிருந்தது, அத்தர் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டே, "இன்னொரு தடவை" என்றேன். இந்தத் தடவை பாய் குனிந்ததும் அவருக்கு இருமல் முட்டியது. வாய் திறக்காமல் அடக்கிக்கொண்டு நின்றார். குழந்தை அதற்குள் திரும்பிவிட்டது. திரும்புவதற்கு முன்னால் அதன் மூக்கு சுருங்கி விரிந்ததைப் பார்த்தேன். என் மூக்கைப் போலவே.

"உங்க கைக்குட்டையைக் குடுங்க பாய்."

இரண்டு விரலால் அதை வாங்கினேன். அத்தரில் ஊறி, பிசுபிசுவென்று இருந்தது. குழந்தைக்குப் பின்னால் போய், சத்தமில்லாமல் நீட்டினேன். ரிஃப்கா திரும்பிச் சிரித்தாள். என்னைக் கண்டதும் சிரிப்பு போய்விட்டது.

அனீஸா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாய்க்கு இன்னும் புரியவில்லை. பஞ்சை எடுக்கச் சொன்னேன், முகம், கை, தாடியெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன், சட்டையைக் கழற்றி ஆஸ்பத்திரி அங்கியைப் போடச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார். அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்து அறையைக் காற்றாடவிட்டேன். பிறகு வந்து நின்று கூப்பிட்டார்.

"ரிஃப்கா."

வளையல் சப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"ரிஃப்கா! இங்க பாரும்மா. ரிஃப்கா!"

ஏழு தடவை கூப்பிட்டார். கடைசித் தடவை கீழே மருந்துக்கடையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். குழந்தையின் பிடரியில் ஒரு முடிகூட அசையவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பொறந்தன்னைக்கு இவ வலது காதுல நான்தான் தொழுகைக்குக் கூப்பிடுற பாங்கைச் சொன்னேன்" என்றார். "அதுவும் கேக்கலையா?"

எனக்குப் பதில் தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது.

அருவருப்பைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அசலான ஒன்றைப் பார்த்தேன், என்னிடமே. ஏழு மாதத்துக்கு முன்பும் இவர் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "நான் கூப்பிட்டா திரும்புறா" என்று சொன்னார். கூப்பிடுங்கள், பார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. வாடை தாங்காமல் சீட்டை எழுதிக் கையில் திணித்து, ஐந்து நிமிடத்தில் வெளியே அனுப்பினேன். பத்து நிமிடம் பொறுத்திருந்தால் அன்றே என் மூக்கு சொல்லியிருக்கும். குழந்தைக்கு வீணாய்ப் போன ஏழு மாதத்தில் என் மூக்குக்கும் பங்கு உண்டு. இதை அவர்களிடம் சொன்னேன். பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அனீஸாதான், "இப்ப எங்க கையெழுத்துப் போடணும் மேடம்?" என்று கேட்டாள்.

போகும்போது பாய் சட்டைப் பையிலிருந்து அத்தர் குப்பியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். "இது இனிமே எனக்கு வேணாம்." இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி இழுப்பறையின் அடியில் போட்டேன். அப்படியும் மாதக்கணக்கில் என் பேனா, பைல் எல்லாம் நாறியது. தூக்கி எறியத்தான் இல்லை.

ஆபரேஷன் முடிந்து காயம் ஆறிய பிறகு, கருவியை முதல்முதலாக இயக்குகிற நாள். வலது காதுக்குப் பின்னால் வட்டமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்க, ரிஃப்கா அம்மா மடியில் இருந்தாள். மெல்லிய ஒலியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். அவள் வளையல் சப்புவதை நிறுத்தினாள். கண் அகன்றது.

"இப்ப கூப்பிடுங்க பாய்."

அவர் பின்னால் வந்தார். அவரிடம் சோப்பு வாடை மட்டும் இருந்தது. "ரிஃப்கா" என்றார்.

அவள் திரும்பினாள். திரும்பி வீறிட்டாள். தன் அழுகையும் தனக்கே கேட்க, அதற்குப் பயந்து இன்னும் அழுதாள். மூக்கு ஒழுகி அனீஸாவின் தோளெல்லாம் வழிந்தது. பாய் சுவர்வரை பின்வாங்கிவிட்டார்.

"என் குரல்தான் பயமுறுத்துது. நான் வெளிய போயிடறேன்."

"அழுறான்னா கேக்குதுன்னு அர்த்தம். நில்லுங்க" என்று அதட்டினேன். பிறகு இழுப்பறையைத் திறந்து, இரண்டு பையையும் பிரித்து, குப்பியை நீட்டினேன். "போட்டுக்கிட்டு வாங்க."

என்னையே பார்த்தார். பிறகு விரலால் மணிக்கட்டில் தடவி, தாடியிலும் தடவிக்கொண்டு கிட்டே வந்தார். குழந்தையின் மூக்கு சுருங்கி விரிந்தது. அழுகை விக்கலானது. இரண்டு கையையும் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"சொல்லட்டுமா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன். கருவி இருக்கிற வலது பக்கம் குனிந்து, ரகசியம் பேசுகிற குரலில் பாங்கு சொல்லத் தொடங்கினார். ரிஃப்கா அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாதவள்போல, முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அறை முழுக்க அத்தர். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, கண்ணும் எரிந்தது. ஜன்னலைத் திறக்கவில்லை.