தோளில் வந்த ஏப்ராம்

அந்த வருஷம் எங்கள் ஊருக்கே இரண்டு கவலை. எங்கள் ஆல்டர்க்ளஃப் கால்பந்து அணி முதல் டிவிஷனில் தங்குமா என்பது ஒன்று, கோப்பைப் போட்டியில் எவ்வளவு தூரம் போகும் என்பது இன்னொன்று. லீக்கில் உதை மேல் உதை வாங்கிய அதே ஆட்கள், கோப்பை என்றால் மட்டும் பேய் பிடித்தவர்கள் மாதிரி ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கிருந்தது ஒரே கவலை. அந்த அணியின் முன்வரிசையில் ஆடிய என் புருஷன் ஏப்ராம் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும். நான் நெசவு மில்லில் தறி ஓட்டினேன். என் அப்பா அதே மில்லில் மேஸ்திரி. மாப்பிள்ளை பெருமை பேசாமல் அவருக்கு ஒரு நாளும் விடிந்தது கிடையாது.

1909 பிப்ரவரியில், கோப்பையின் மூன்றாம் சுற்றுக்கு லண்டன்காரர்கள் எங்கள் மைதானத்துக்கு வந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் மில் விட்டதும் சாப்பிடக்கூடப் போகாமல் ஓடினோம். தூறல், கணுக்கால் புதையும் சேறு. இடைவேளைக்குப் பிறகு ஏப்ராம் பந்துக்காக எம்பியபோது அவர்களில் ஒரு தடியன் முழங்காலை அவன் வயிற்றில் ஏற்றினான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. பயிற்சியாளர் க்ளெக் வாளியோடு ஓடிப்போய், ஈரப் பஞ்சால் முகத்தைத் துடைத்து, ஒரு வாய் பிராந்தி ஊற்றி நிமிர்த்தி வைத்தார்.

அடிபட்டவனுக்குப் பதிலாக வேறு ஆள் இறக்க விதி கிடையாது. நிற்க முடிகிறவனை ஓரக்கோட்டுப் பக்கம் நிறுத்திவிடுவார்கள். ஏப்ராமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றான், நான் நின்ற இடத்துக்கு நேர் எதிரே.

"என்ன ஏப்ராம், எத்தனாவது மாசம்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அந்தப் பக்கமே சிரித்தது. திரும்பி அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல எனக்குக் கை பரபரத்தது.

வேலியைப் பிடித்துக்கொண்டு க்ளெக்கைக் கூப்பிட்டேன். "அவன் மூஞ்சியப் பாருங்க, சுண்ணாம்பா வெளுத்துக் கெடக்கு. வெளிய கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டு வந்தா நாங்க பத்துப் பேரு. சும்மா நின்னாலும் பதினொண்ணு. நீ போம்மா."

ஏப்ராமே என் பக்கம் திரும்பினான். "சும்மா இரு ஹெஸ்டர். எல்லாரும் பாக்குறாங்க. இப்ப முடிஞ்சிரும்."

அடிபட்டு நிற்கிறவனைக் காவல் காப்பது வெட்டி வேலை என்று லண்டன்காரர்கள் அவனை விட்டுவிட்டார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பந்து சேற்றில் வழுக்கிக்கொண்டு நேராக அவன் காலடிக்கே வந்தது. நாலடி நடந்து அதை உதைத்தான். உதைத்தான் என்று சொல்வதுகூட அதிகம், தள்ளினான். அது கோல்காப்பாளனின் கைக்கு அடியில் நுழைந்து வலைக்குள் போய் விழுந்தது.

விசில் ஊதியதும் வேலியைத் தாண்டி ஊரே உள்ளே புகுந்தது. முதலில் அவனைத் தோளில் ஏற்றியது என் அப்பா. மறுபக்கம் யாரோ பிடித்தார்கள். மைதானத்தை ஒரு சுற்று சுற்றி, பாண்டு வாத்தியம் முழங்க, மேட்டுத் தெரு வழியே மதுக்கடை வரைக்கும் அவனைக் குலுக்கிக்கொண்டே போனார்கள். "எறக்குங்க, எறக்குங்க" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். யார் காதிலும் விழவில்லை. கடையில் அவனை மேஜைமேல் உட்காரவைத்து பீரை ஊற்றினார்கள். வாந்தி எடுத்தான். அதற்கும் சிரித்தார்கள்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்த டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறினார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விட்டான். குடல் கிழிந்திருந்ததாம். மைதானத்திலிருந்தே படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் தைத்துப் பிழைக்கவைத்திருக்கலாம், அத்தனை குலுக்கலில் விஷம் உள்ளே பரவிவிட்டது என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த சுற்றில் எல்லோரும் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆடி, நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். லீக்கிலும் சரிந்துகொண்டே போனார்கள். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தே தீரவேண்டும். சமன் செய்தார்கள். இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினோம். ஊர் எழவு வீடு மாதிரி கிடந்தது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நிஜ எழவு பார்த்தவள் நான்.

அன்று சாயங்காலம் அப்பா வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். டீ ஊற்றிக் கொடுத்தேன்.

"மாப்ள இருந்திருந்தா எறங்கியிருப்போமா?" என்றார். "என்ன மனுசன். என் தோள்ல வச்சு ஊரையே சுத்தி வந்தேனே. அந்த ஒண்ணு போதும் புள்ள எனக்கு."

அந்த மதுக்கடையில் அவர் இதையே தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் உண்மையை விழுங்கிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு முடியவில்லை.

"எறக்கி விட்டிருந்தா பொழச்சிருப்பான்ப்பா. டாக்டரு சொன்னாரு. நீங்கல்லாம் தூக்கிக் குலுக்குனதுலதான் செத்தான்."

சொன்னால் நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எறக்கி விடுங்க மாமான்னான். குனிஞ்சு என் காதுலயே சொன்னான், ரெண்டு மூணு தடவ. தோள்ல ஏத்துனா எவன்தான் அப்படிச் சொல்லமாட்டான்? கூச்சப்படுறான்னு நெனச்சேன். நான் இன்னும் ஒசத்திப் புடிச்சேன் புள்ள."