கடல் தொடாத பிள்ளை

செசிலியின் மகன் கபிரியேலுக்கு நீச்சல் தெரியாது. கடற்கரையில் பிறந்தவன் பதினெட்டு வயது வரை கால் நனையாமல் வளர்ந்தான் என்றால் இனயம் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கவும் செய்தார்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷன் சிலுவைமுத்து ஆடிக் கச்சான் காற்றில் கட்டுமரத்தோடு போனவன், போனவன்தான். உடம்புகூடக் கரை ஒதுங்கவில்லை. அந்த வாரமே சிலுவை நிற்கும் குருசடியில் மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளையைக் கடல் பக்கம் விடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டாள். ஐந்து வயதிலேயே அவனை நாகர்கோவில் போர்டிங்கில் விட்டாள். மீன்கூடையைச் சுமந்து புதுக்கடைச் சந்தைக்கு நடந்து நடந்தே படிக்க வைத்தாள். லீவுக்கு வந்தாலும் கூடையைத் தொடவிட மாட்டாள். மீன் என்றால் அவனுக்குக் குழம்பில் கிடக்கிற துண்டுதான்.

பையன் கணக்கில் புலி. திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் கலாசாலையின் பழைய பிரின்சிபால் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். மார்க்கு இருந்தால் போதும் அவருக்கு; எந்த ஊர், என்ன தொழில் என்று துருவுகிற ஆளில்லை. கலாசாலை திறக்குமுன் அவரை மாற்றிவிட்டு வேறொருவரை உட்கார வைத்தார்கள். வந்தவருக்கு நாட்டைத் தூக்கி நிறுத்தும் ஆசை. வயல்காரன் மகன் விவசாயம் படிக்கட்டும், கடற்கரைப் பிள்ளைகள் மீனைப் படிக்கட்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. யாருடைய மகன் கணக்குப் படிக்கலாம் என்பதைத்தான் அந்த மகராசன் சொல்லவில்லை.

நேர்முகத்துக்குச் செசிலியும் கூடப் போய் வராந்தாவில் காத்திருந்தாள். கபிரியேல் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தான்.

"இடம் தந்தாவளா மக்கா?"

"கணக்குக்கு இல்லியாம். மீன் படிப்புன்னா தரலாம்னாரு."

"படிப்புதானே, கடலுக்கா போகச் சொல்லுது? சரின்னு சொன்னியா?"

"சொன்னேன். அப்பறம் தட்டுல மீனா வச்சுப் பேரு கேட்டாரு. சாளையைத் தவிர ஒண்ணும் தெரியல்ல. கச்சான் அடிச்சா என்ன மீன் படும்னாரு. அதுவும் தெரியல்ல. நீ கடற்கரைக்காரனே இல்ல, பொய் சொல்லுதன்னு அனுப்பிட்டாரு. மீனைத் தெரிஞ்சுக்கிட்டு அடுத்த வருசம் வரணுமாம்."

அழுகை வரும் என்று செசிலி காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்கிய இடம்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. இருவரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். வந்ததும் உலை வைத்தாள், சாப்பிட்டார்கள். விசாரித்தவர்களிடம் "கிடைக்கல்ல" என்றாள். மறுநாள் வழக்கம்போலச் சந்தைக்குப் போனாள்.

ஆடி பிறந்தது. ஒரு நாள் காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். அவளுடைய அண்ணன் ததேயுஸ், கட்டுமரத்தை இறக்கலாமா வேண்டாமா என்று கடலைப் பார்த்து நின்றிருந்தான்.

"அண்ணே, இவனையும் கூட்டிட்டுப் போ."

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? கச்சான் இந்த அடி அடிக்குது. இவனுக்கு நீந்தத் தெரியுமா?"

"கச்சான்ல என்ன மீன் படும்னுதான் கேட்டாவ. இப்பம் போனாத்தானே தெரியும்."

"நேர்ச்சையை மறந்திட்டியா?"

"மறக்கல்ல."

கயிற்றை எடுத்து மகனின் இடுப்பில் கட்டினாள். மறுமுனையைக் கட்டுமரத்தில் முடிந்து, முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அவன் கட்டுமரத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

மரத்தைத் தள்ள ஆள் போதவில்லை. செசிலியும் தோள் கொடுத்தாள்.