இருநூற்றுப் பதினோராம் பக்கத்துக் கீறல்

அரங்கத்துக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில் நாற்காலி இருந்தும் சீட்ஸ்கே உட்காரவில்லை. உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்கப் போவதில்லை என்று தோன்றியது.

"நாற்பத்தஞ்சு நிமிஷம்தான்டி. கட்டியக்காரர் வந்து கோலைத் தட்டினா எல்லார் வாயும் மூடிடும்," என்றாள் யோலைன். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு முடியும்வரை, டச்சு வழக்கப்படி, கூடவே நிற்க வேண்டிய தோழி அவள். "ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால 'பேரறிவு வாய்ந்த எதிர்வாதி அவர்களே, தங்கள் ஆழ்ந்த கேள்விக்கு நன்றி'ன்னு நிறுத்தி நிதானமா சொல்லு. அதுலயே நாலு நிமிஷம் போயிடும்."

"மிச்சம் நாற்பத்தொண்ணு?"

"தண்ணி குடி."

ஆறு ஆண்டுகளாக சீட்ஸ்கே ஒரே ஒரு சொல்லைத் தேடியிருந்தாள். வடமொழிக்கும் லத்தீனுக்கும் அவள் பேசும் டச்சுக்கும் தாயான, யாரும் எழுதிவைக்காத மொழியில் ஒருவன் 'நான்' என்று எப்படிச் சொல்லியிருப்பான்? பேரப்பிள்ளைகளின் மூக்கையும் காதையும் வைத்துக்கொண்டு, செத்துப்போனவனின் முகத்தை வரைகிற வேலை. வடமொழியின் 'அஹம்' சொன்னால் மூச்சு வெளியே வருகிறது. லத்தீனின் 'எகோ'வில் அது இல்லை. ஆகவே மூலச்சொல்லின் வாலில் ஒரு தொண்டையொலி இருந்து தேய்ந்திருக்க வேண்டும் என்பது அவளுடைய வழிகாட்டி தெர்ஹோர்ஸ்டின் கொள்கை. ஒலி தேயாமல் எழுத்தாகவே நிற்பதற்கு ஒரே சான்று, மாண்டுபோன ஒரு மொழியின் கல்வெட்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவரே நேரில் பார்த்து வரைந்தது. சீட்ஸ்கேயின் ஆய்வேட்டுப் புத்தகத்தில் இருநூற்றுப் பதினோராம் பக்கம்.

புத்தகம் அச்சாகி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, போன வாரம், சும்மா ஓர் ஆசைக்கு அவள் அந்தக் கல்லைப் போய்ப் பார்த்தாள். அது எழுத்தே இல்லை. கல்லில் விழுந்த கீறல். அடுத்த வரியைத் தாண்டி, அதற்கடுத்ததையும் தாண்டி, விளிம்புவரை கூச்சமில்லாமல் ஓடியது.

"பொன்டெகூ அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அவங்களுக்குத் தெரியாதது எது?" என்றாள் சீட்ஸ்கே. அவளைக் கேள்வி கேட்கப்போகும் எதிர்வாதிகளான பேராசிரியர்களில் ஒருவர் அந்த அம்மையார்.

"தெரிஞ்சா என்ன? கேக்க நேரம் வேணுமே."

நேரம் நன்றாகவே கரைந்தது. முதல் எதிர்வாதி தன் கேள்வியைக் கேட்க ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டார். சீட்ஸ்கேக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இரண்டாமவர் தன்னுடைய பழைய கட்டுரை ஒன்றை நினைவுகூர்ந்து நெகிழ்ந்தார். மூன்றே நிமிடம் மிச்சமிருந்தபோதுதான் பொன்டெகூ அம்மையார் எழுந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், புத்தகத்தைப் பிரித்தார்.

"பக்கம் இருநூத்திப் பதினொண்ணு."

யோலைனின் கை சீட்ஸ்கேயின் முதுகில் பட்டது.

"'நாம் கல்லில் காண்கிறோம்'னு எழுதியிருக்கீங்க. 'நான்'ங்கற சொல்லைப் பத்தி முந்நூறு பக்கம். உங்க வாயிலேர்ந்து ஒரு தடவை கூட 'நான்' வரலை. யாரும்மா இந்த நாம்?"

"பேரறிவு வாய்ந்த எதிர்வாதி அவர்களே," என்று சீட்ஸ்கே ஊர்வலம் போகிற வேகத்தில் தொடங்கினாள். நன்றி சொன்னாள். தண்ணீர் குடித்தாள். "நாம் என்பது, நானும் என் பேராசிரியரும் சேர்ந்து என்ற பொருளில்..."

கதவு திறந்தது. கோல் தரையில் இடித்தது. "நேரம் ஆயிற்று," என்றார் கட்டியக்காரர் லத்தீனில். பிறகு அவளிடம் தணிந்த குரலில், "தொடங்கின வாக்கியத்தை முடிச்சுக்கலாம்மா. வழக்கம்தான்."

ஒரு 'தான்' போதும். 'பொருளில்தான்.' சொல்லிவிட்டால் பட்டம், விருந்தில் சாளை மீன், பாலாடைக்கட்டி. அந்தக் கேள்விகூடக் கீறலைப் பற்றித் தெரியாமல் தற்செயலாக வந்ததுதான். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஆறு ஆண்டுகளாகத் தான் இன்னொருவரின் குடைக்குள்ளேயே நடந்து வந்திருப்பதை, மழை நின்ற பிறகும் தலையை வெளியே நீட்டாததை, அந்த ஒற்றை 'தான்' நாக்கில் உருளும்போது அவள் உணர்ந்தாள். அதை அடக்கம் என்று நினைத்திருந்தாள். அது பயம்.

"...பொருளில் என்று எழுதியிருந்தாலும், அவர் பார்த்தது முப்பது வருஷத்துக்கு முன்னாடி என்பதாலும், நான் பார்த்தது போன வாரம் என்பதாலும்..."

வாசல் பக்கம் நகர்ந்தவர்கள் நின்றார்கள். கட்டியக்காரர் கோலை உயர்த்தினார். வாக்கியம் முடியாமல் எப்படித் தட்டுவது? மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் சீட்ஸ்கே ஓர் 'ஆனாலும்' போட்டாள். கல் வந்தது, விளிம்பு வந்தது, வெளிச்சம் விழுந்த கோணம்கூட வந்தது. ஐந்து நிமிடம். தேர்வுக்குழுவோடு உட்கார்ந்திருந்த தெர்ஹோர்ஸ்ட் தன் பேராசிரியர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"...அதனால அது எழுத்தில்லை, வெறும் கீறல், அதைப் பார்த்தவ நான், பார்த்துட்டு ஒரு வாரமா வாயை மூடிக்கிட்டிருந்தவளும் நான்."

கோல் விழுந்தது, கொஞ்சம் பலமாகவே.

தேர்வுக்குழு உள்ளே போனதும் யோலைன் சொன்னாள்: "நேரத்தைத் தின்னச் சொன்னேன். நீ எங்களையே தின்னுட்ட."

எப்படியோ பட்டம் கிடைத்தது. சான்றிதழைக் கொடுக்கும்போது தெர்ஹோர்ஸ்ட் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு ஒரே குளிர்மா," என்று முணுமுணுத்தார். "கண்ணாடியை ஓட்டல்லயே வச்சிட்டுப் போயிட்டேன்."

விருந்துக் கூடத்தில் பொன்டெகூ அம்மையார் அவரை வழிமறித்தார். "கீறலாவது! நான் கேட்டது நடையைப் பத்தி. அந்த எழுத்தை நம்பி நான் மூணு புத்தகம் எழுதியிருக்கேன். எழுத்துதான் அது!"

இருபது ஆண்டுகளாக அந்த அம்மையாரோடு எதிலும் ஒத்துப்போகாத தெர்ஹோர்ஸ்டின் கண்களில் மெல்ல ஓர் ஒளி வந்தது. "கீறல்," என்றார். "சந்தேகமே இல்லாத கீறல். என் மாணவி நேர்ல பார்த்திருக்கா. சீட்ஸ்கே, இங்க வா, நீயே சொல்லு!"

வாய் நிறைய மீனோடு சீட்ஸ்கே ஒரு விரலை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினாள்.