அம்மா எழுதிய பரீட்சை

போன மாதம் அக்கா மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போன அப்பா, குழந்தையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு எங்கெங்கோ சுற்றி, இருட்டிய பிறகு பெட்ரோல் தீர்ந்து நெடுஞ்சாலையில் நின்றார். கேட்டால், "ரோட்ட மாத்தி வெச்சிருக்கானுங்க" என்றார். கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். ஆயுசுக்கும் லாரி ஓட்டியவர், சும்மா இருப்பாரா? வீடு ரெண்டுபட்டது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மறதியைச் சோதிக்கிற டாக்டரம்மா வீடியோ காலில் பார்க்கட்டும். சரியாக இருக்கிறார் என்றால் சாவி அவருக்கு. இல்லையென்றால் காரை விற்றுவிடுவது.

செல்போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்தேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் பவுடருமாக மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். போனுக்குப் பின்னால் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் உள்ள போறியா?"

"நான் என்னடா பண்றேன்? துணிதானே மடிக்கிறேன்."

டாக்டரம்மா திரையில் வந்தார். "ஐயா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"பையன் மட்டுந்தாம்மா. அவன் இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

தேதி கேட்டார். அம்மா விரல்களை விரித்தாள். அப்பா சொன்னார். ஐந்து சொற்களைச் சொல்லி, பிறகு கேட்பேன் என்றார். கடிகாரம் வரைந்து பத்து மணி பத்து நிமிடம் காட்டச் சொன்னார். அம்மா துணியைப் போட்டுவிட்டு, போலீசில் மாட்டிய திருடன் மாதிரி இரண்டு கைகளையும் தூக்கி விரித்து நின்றாள். அப்பா நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து வரைந்தார். அந்த ஐந்து சொற்களை டாக்டரம்மா திரும்பக் கேட்டபோது அம்மா மூக்கைத் தொட்டாள், செருப்பைத் தூக்கிக் காட்டினாள். ரயிலுக்குக் கைகளைச் சக்கரமாகச் சுற்றினாள். அப்பா "லாரி" என்றார். மொத்தத்தில் அது ஒன்றுதான் தப்பு.

நான் முறைத்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தால் அப்பா எழுந்து போய்விடுவார். மறுபடி உட்கார வைக்க யாராலும் முடியாது.

"வயசுக்கேத்த மறதிதான், பயப்பட ஒண்ணுமில்ல" என்று டாக்டரம்மா வைத்துவிட்டார்.

அப்பா கையை நீட்டினார். "குடுடா. பாப்பாவுக்கு ஸ்கூல் விடற நேரம்."

அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். "என்னம்மா கூத்து இது?"

"அவரு எப்பவும் என்னைக் கேட்டுத்தான் எதையும் சொல்வாரு. கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான். இதப் போய் வியாதிங்கறே."

"சரி. பாஸ் போட்டது நீ. இந்தா சாவி, நீயே குடு. பாப்பாவைப் பின்னாடி உக்கார வெச்சு ஓட்டிட்டு வரட்டும்."

அம்மா சாவியைப் பார்த்தாள். வாங்கவில்லை. கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த டாக்டரம்மாவக் கூப்பிடு."

கூப்பிட்டேன். "நாந்தாம்மா சொல்லிக் குடுத்தேன்" என்றாள் அம்மா. "திரும்பக் கேளுங்க."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டது கேட்டது. "அவரைத் தனியா உக்கார வைங்க. முதல்லேருந்து ஆரம்பிப்போம்."

பாப்பாவை நீயே கூட்டிக்கொண்டு போ என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். கேள்வி ஒன்று விட்டுப்போச்சாம் என்று அப்பாவைச் சமாளித்து உட்கார வைத்தேன். அம்மா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டாள்.

"ஐயா, இன்னைக்கு என்ன தேதி?"

அப்பா மடித்த துணிகளைப் பார்த்தார். அப்புறம் அறை முழுக்கத் தேடினார்.

"ஏய், தேதி கேக்கறாங்க பாரு!" என்று கத்தினார்.

குழாயை அம்மா இன்னும் பெரிதாகத் திறந்தாள்.