வேகாத பிளம்ஸ்

போஸ்ற் மாஸ்ரர் கிறகோரிக்குப் பசி வந்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

நத்தாருக்கு, பாலன் பிறப்புக்கு, முதல் நாள். குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கிற பாதைக்காக, அதாவது வள்ளங்களைச் சேர்த்துப் பலகை அடித்த அந்தப் பெரிய மிதவைக்காக, சனம் வரிசையில் நின்றது. வரிசை கொழும்பு வரைக்கும் நீண்டிருந்தது. சரி, கொழும்பு வரைக்கும் இல்லை, மீன்வாடி வரைக்கும். அன்றைய வெயிலுக்கு இரண்டும் ஒன்றுதான். கிறகோரியின் கையில் ஒரு தகரப் பிஸ்கற் பேணி. அதற்குள் அவர் மனைவி பிலோமினா செய்த நத்தார் கேக். அக்கரையில், வெல்லாவெளிக்கும் உள்ளே ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த ஒரே மகள் எமல்டாவுக்கு இருவருமாகக் கொண்டுபோகிறார்கள். மூடியின் இடுக்கால் வந்த வாசம் தேற்றாத்தீவு வீட்டிலிருந்து அவரைத் துரத்திக்கொண்டே வந்திருந்தது.

"பிலோ, ஓரத்தில ஒரு சின்னத் துண்டு வெட்டித் தாவன். விடிய வெறும் பிளேன்ரீயோட வந்தது."

பிலோமினா செபமாலையை உருட்டிக்கொண்டே, தேத்தண்ணிக்குள் சீனி இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"கைய வைக்காதீங்க. உள்ள பற்றரி இரிக்கி."

கிறகோரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பேணி அவர் கையில் ஒரு மாட்டின் பாரத்துக்கு வந்துவிட்டது.

அந்த ஆண்டுகளில் வாவியின் இக்கரையான எழுவான்கரையிலிருந்து, இயக்கம் நின்ற அக்கரையான படுவான்கரைக்கு என்ன போகலாம், என்ன போகக் கூடாது என்பதை ஆமிதான் முடிவுசெய்தது. சீமெந்து கூடாது, யூரியா கூடாது, பற்றரி கூடவே கூடாது. றேடியோவுக்குப் போடுகிற பற்றரி கண்ணிவெடிக்கும் போடலாமாம். ஒரு பற்றரியோடு பிடிபட்டவன் போன இடத்தை அவன் வீட்டார் பிறகு முகாம் முகாமாகத் தேடினார்கள். இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

கிறகோரியோ, தபால் கந்தோரின் குண்டூசி ஒன்று சட்டையில் குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டதென்று விடியற்காலை முதல் பஸ்ஸில் போய் அதைத் திருப்பிக் கொடுத்த மனிதர். பொய்க்கு வாயெடுத்தால் அவருடைய காதுகள் இரண்டும் சிவந்துவிடும். சாதாரணச் சிவப்பில்லை. கதிரவெளிக் கடலில் நிற்கிறவன் வெளிச்சவீடு தெரிகிறதென்று தோணியைத் திருப்புகிற சிவப்பு.

"எத்தின?" என்றார், உதடு அசையாமல்.

"நாலு. சின்னது. அடியால குடைஞ்சு, பொலித்தீன்ல சுத்தி வச்சு, கேக்குத் தூளாலயே அடைச்சிட்டன்."

"மாதாவே!"

"அவவ ஏன் கூப்பிடுறீங்க? அவவுக்கு நேற்றே சொல்லிப்போட்டன்."

விசயம் இதுதான். எமல்டா வெற்றிலை விற்கிற ஆச்சிப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். இந்த முறை பூசை வைக்கிற சுவாமிக்கு அக்கரைக்கு வர அனுமதி கிடைக்கவில்லை. பூசையில்லாத நத்தார். றேடியோவில் நடுச்சாமப் பூசை வரும், ஊருக்கே இருக்கிற ஒரு றேடியோ அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது, போடப் பற்றரியில்லை. எல்லாம் அம்மாவுக்கு வந்த செய்தி. அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், அவருடைய காதுக்குத் தெரிந்தால் ஆமிக்கும் தெரிந்துவிடும் என்பதையும் மகள் மறக்காமல் சொல்லியிருந்தாள்.

"திரும்பிப் போவம் பிலோ."

"வரிசைய விட்டுப் போறவனத்தான் முதல்ல பிடிப்பானுகள். பேசாம நில்லுங்க. பேணியச் சரிக்காதீங்க."

நின்றார். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கும், அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கும் பேணியை மாற்றி மாற்றி நின்றார்.

சோதிக்கிறவன் ஓர் இளம் ஆமிக்காரன். மீசை இப்போதுதான் வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு நீளக் கூர்க்கம்பி. அரிசிப் பையில் குத்தினான், மாப் பையில் குத்தினான். முன்னால் நின்ற கோணாமலையின் பூசணிக்காயைக் குத்திக் குத்திச் சல்லடையாக்கினான்.

"இது கறிக்கா தம்பி, தண்ணி ஊத்தவா?" என்று கோணாமலை கேட்டார். ஆமிக்காரனுக்குத் தமிழ் அரைகுறை. சிரித்துவிட்டு இன்னுமொரு குத்துக் குத்தி அனுப்பினான்.

"பேணில என்ன, ஐயா?"

கிறகோரி வாயைத் திறந்தார். "கே..." என்றார். "கே..." என்றார் மறுபடியும். காதுகள் பற்றிக்கொண்டன.

"கேக்கு, மனே. நத்தார் கேக்கு," என்றாள் பிலோமினா.

"குத்தணும், அம்மே."

"குத்துங்க. நானும் வீட்ட ஈர்க்கால குத்தித்தான் பாத்தன். வெந்திரிக்கா எண்டு நீங்களும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

கம்பி கேக்குக்குள் இறங்கியது. கிறகோரியின் உயிர் உடம்பை விட்டுக் கிளம்பி, வாவியைத் தாண்டி, மண்டூரைச் சுற்றிப் பார்த்து, வேறு போக்கிடமில்லாமல் திரும்பி வந்தது. கம்பியும் வெளியே வந்தது. சத்தமில்லை. ஆமிக்காரன் அந்த நுனியைச் சோதனைக்காரன் பார்ப்பதுபோலப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் வழித்து, மூக்கருகே கொண்டுபோய், குசினியில் தாயோடு நிற்கிற பிள்ளைபோலப் பார்த்தான்.

"நல்லா வெந்திருக்கு," என்றான். "ஒட்டல்ல. எங்கட அம்மாவும் இப்படித்தான் பாக்கிறது." சட்டைக்குள்ளிருந்து ஒரு சிலுவைச் சங்கிலியை இழுத்துக் காட்டினான். சிலாபம் பக்கமாம். லீவு இல்லையாம். பிறகு மணலைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "ஒரு துண்டு தர ஏலுமா, அம்மே?"

பிலோமினா பையிலிருந்து கத்தியை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. அவள் பேணியைப் பார்த்தாள், பிறகு புருசனைப் பார்த்தாள். பற்றரியில்லாத பக்கம் எதுவென்று அவள் மனதில் குறித்து வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தைத்தான் கிறகோரி வெயிலில் நின்று சுற்றிச் சுற்றித் தொலைத்திருந்தார். கல்யாணம் முடித்த பிறகு அவள் முகத்தில் நிறம் போனதை அவர் முதன்முதலாக அன்றுதான் கண்டார்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு மூலையை வெட்டினாள்.

ஆமிக்காரன் துண்டைக் கையில் வாங்கவும் சென்றிக் காவல் கொட்டிலுக்குள்ளிருந்து கோப்ரல் கூப்பிடவும் சரியாக இருந்தது. "போ, போ," என்று கையைக் காட்டிவிட்டு அவன் போனான். அவர்கள் பாதையில் ஏறினார்கள். ஏறினார்கள் என்பது பிலோமினாவுக்குச் சரி. கிறகோரியை ஏற்றினார்கள்.

எமல்டாவின் வீட்டில் கேக்கைக் கவிழ்த்து வெட்டினார்கள். ஒரு பற்றரி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. மகள் கேக்கைப் பிய்த்தாள், உதிர்த்தாள், கடைசியில் சுளகில் போட்டுப் புடைத்தாள். உலகத்தில் புடைக்கப்பட்ட நத்தார் கேக் அது ஒன்றுதான். நாலாவது வரவில்லை.

"அவன் கடிச்சிருப்பான்," என்றாள் எமல்டா.

"கடிச்சா ஒண்டில் அவன்ட பல்லு போகும், ஒண்டில் நம்மட உசிர் போகும்," என்று கிறகோரி பாயில் சாய்ந்தார். "ரெண்டும் போகும். இப்ப ஜீப் வரும்."

"ஜீப் பாதையில ஏறாது, மாமா," என்றான் மருமகன் வினாயகமூர்த்தி. எமல்டாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் பெற்று வின்சன்ற் ஆனவன். கோயில் புத்தகத்தைத் தவிர வேறு எங்கும் அவனை அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை. அவன் கூரையில் வெயிலில் காயப்போட்டிருந்த ஒரு செத்த பற்றரியை எடுத்து, பல்லால் கடித்து நெளித்து, நாலாவதாகச் செருகினான்.

றேடியோ பேசியது! கிணற்றுக்குள் விழுந்தவன் கத்துவதுபோலத்தான் பேசியது. ஆனாலும் அது பூசை. முற்றம் நிறையச் சனம். சிலுவை போடத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும், பிள்ளைத்தாச்சிகளும், வட்டையில் வயல் காவல் கிடந்துவிட்டு வந்தவர்களுமாக மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். பாலன் பிறந்ததற்கு மணி அடித்தபோது எல்லோரும் முழந்தாளிட்டார்கள். கிறகோரியும் முழந்தாளிட்டார். பக்தியால் அல்ல, தூரத்தில் எங்கோ ஒரு இயந்திரச் சத்தம் கேட்டு முழங்கால் விட்டுப்போனது. அது யாரோ ஒருவருடைய உழவு மெசின். அதற்குப் பிறகும் அவர் எழும்பவில்லை. தெய்வம் மாட்டுக் கொட்டிலில் பிறந்ததை இத்தனை வருசம் கேட்டிருக்கிறார். அந்தத் தாயும் தகப்பனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தச் சென்றியைக் கடந்து ஓடினார்கள், அங்கே கேட்ட கேள்விக்கு யார் பதில் சொன்னது என்று அன்றைக்குத்தான் யோசித்தார். யோசித்ததும் இன்னும் பயம் பிடித்தது.

அக்கரையில் தங்க ஆமி கொடுத்த பாஸ் முடிகிற நாள் வந்தது. திரும்பாவிட்டால் அதுவே குற்றம். கிறகோரி மகளைக் கட்டிப்பிடித்து அழுதார், மருமகனைக் கட்டிப்பிடித்து அழுதார், வாசலில் கட்டியிருந்த ஆட்டையும் கட்டிப்பிடித்து அழுதார். ஆடு மட்டும் திருப்பி அழுதது.

குருமண்வெளியில் பாதை கரை தட்டியது. அதே ஆமிக்காரன் நின்றான். பல்லெல்லாம் இருந்ததா என்று தெரியவில்லை, அவன் சிரிக்கவில்லை.

"கேக் ஐயா! அம்மே! இஞ்ச வா."

மண்மூட்டைக்குப் பின்னால் கூட்டிப்போனான். பிலோமினாவின் செபமாலை இப்போதுதான் உண்மையான வேகத்தில் ஓடியது. அவன் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மே, ஒரு பிளம்ஸ் வேகல்ல."

கிறகோரி பிலோமினாவின் பின்னால் நகர்ந்தார்.

"கோப்ரல் பாத்தான். எனக்கும் பாதி தா எண்டான். நான் முழுசா வாயில போட்டன். போட்டாப் பிறகுதான் தெரியும். கேக் இந்தக் கன்னம், பற்றரி அந்தக் கன்னம். மெல்ல ஏலா, துப்ப ஏலா. அவன் வீட்டுக் கத முழுக்கச் சொல்றான். நான் தலைய ஆட்டுறன்." அவன் முகத்தில் கோபம் ஏறியது. "அவன் கடிச்சிருந்தா நீங்க ரெண்டு பேரும் இல்ல. குத்திப் பாத்தது நான். நானும் இல்ல."

"மனே..." என்று பிலோமினா தொடங்கினாள்.

"நீ பேச வேணாம், அம்மே. நீ நல்லாப் பேசுற." துவக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிறகோரிக்கு நேரே வந்து நின்றான். "ஐயா, நீ சொல்லு. பற்றரி குண்டுக்கா?"

"றேடியோவுக்கு," என்றார் கிறகோரி. அவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "சுவாமிய விடல்ல. ஊரே பூசையில்லாம இருந்தது. நாலு வச்சம், நீங்க ஒண்டத் திண்டிட்டீங்க. மூண்டோடயும் ஒரு செத்ததோடயும் கேட்டம். நற்கருணைக்கு முதலே நிண்டுபோச்சு."

ஆமிக்காரன், அன்றைக்குப் பற்றியெரிந்த அவருடைய வலக்காதைப் பார்த்தான். ஒரு எட்டு நகர்ந்து இடக்காதையும் பார்த்தான். தோளிலிருந்து துவக்கு மெல்ல இறங்கியது.

"எனக்கு முழுசாக் கேட்டது," என்றான், கொஞ்சம் வெட்கத்தோடு. "அந்தப் பற்றரிதான். என்ட சின்ன றேடியோவுக்கு ஒண்டே போதும். போர்வைக்குள்ள வச்சு."

கிறகோரி அப்படியே மண்மூட்டையில் இருந்துவிட்டார்.

"எழும்பு ஐயா, போ. இனிக் கேக் கொண்டுவராத. நாளைக்கு வேற ஆள். என்ன வடக்குக்குச் சண்டைக்கு அனுப்புறாங்க."

"பேர் என்ன மனே?" என்று கேட்டாள் பிலோமினா, போகிற போக்கில்.

ஆண்டு முடிவின் நன்றிப் பூசை நடுச்சாமத்தில்தான் வைப்பது வழக்கம். ஊரடங்குக்குப் பயந்து தேற்றாத்தீவில் அந்த வருசம் நடுச்சாமத்தைப் பின்னேரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வெயில் கண்ணைக் குத்த, புது வருசம் பிறக்கக் காத்திருந்தது சனம். மன்றாட்டு நேரம் வந்ததும், யாருக்காக வேண்ட வேண்டுமோ அவர்களுடைய பெயரை வாய்விட்டுச் சொல்லலாம் என்றார் சுவாமி. ஒவ்வொருவராக எழும்பினார்கள். முகாமில் இருக்கிற பெயர்கள், காணாமல்போன பெயர்கள், வெளிநாட்டில் பனியில் கிடக்கிற பெயர்கள். முன் வாங்கில் இருந்த செபஸ்தியம்மா தன் மகனின் பெயரைச் சொன்னாள். அவனை ஆமி கொண்டுபோய் ஆறு நத்தார் கழிந்திருந்தது. ஒவ்வொரு பெயருக்கும், ஆண்டவரே கேட்டருளும் என்று கோயில் பதில் சொன்னது.

பிலோமினா எழும்பினாள். கிறகோரி சேலைத் தலைப்பைப் பிடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"ஜூட் பிரியந்த. வடக்குக்குப் போன ஆமிக்காரன்."

ஆண்டவரே கேட்டருளும் என்ற பதில் வரவில்லை. எல்லாத் தலைகளும் திரும்பின. செபஸ்தியம்மாவும் திரும்பினாள். அவள் பிலோமினாவைப் பார்க்கவில்லை. கிறகோரியைப் பார்த்தாள்.

"ஆருகா அவன்?"

எழும்பி நின்று பதில் சொல்லத் தனக்குக் கால் இருக்கும் என்று கிறகோரி நினைத்திருக்கவில்லை.

"எங்களப் பிடிச்சுக் குடுக்காம விட்டவன்," என்றார்.

செபஸ்தியம்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவாமி புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டப் போனார். அப்போது அவள் தன் மகனின் பெயரை இன்னொரு தரம் சொன்னாள். முதல் தடவை சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை என்பதுபோல, பலமாக.

ஆண்டவரே கேட்டருளும் என்றது கோயில். அது எந்தப் பெயருக்கு என்று கிறகோரிக்கு விளங்கவில்லை. அவரும் சொன்னார்.