ஊ லா மவுங் என்கிற அப்துல் ரவூப்

ஆகஸ்ட் 14, புதன். நேற்றுக் குறித்ததில் ஒரு தவறு. மருத்துவமனை எழுத்தரைப் பார்க்கக் காத்திருந்தது மூன்றரை மணி நேரம் என்று எழுதிவிட்டேன். வாசலில் வரிசையில் நின்றதைச் சேர்க்கவில்லை. நாலு மணி பத்து நிமிடம் என்று திருத்துகிறேன். 'எழுத்தர்' சரியான சொல்தானா என்று தெரியவில்லை. வகுப்பில் கேட்க வேண்டும்.

மறுநாள் காலையில் அந்தப் பக்கத்தின் மேல் பர்கத்துல்லா மாமா கற்பூரப் பொட்டலத்தையும் அத்தர்க் குப்பியையும் வைத்திருந்தார். நாஜியா இரண்டையும் மெல்லத் தூக்கி, நோட்டை உருவி மூடி, அலமாரியில் வைத்தாள். அடுக்களைப் பக்கம் நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் வாப்பாவைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம். தார்ப்பாய் வாப்பாவின் கடைச் சரக்கு. போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே முப்பது வருஷம் கயிறும் தார்ப்பாயும் விற்றவர். மூலையில் இருந்த முடிச்சு மாமா போட்டது. வாப்பா பார்த்திருந்தால் அவிழ்த்துவிட்டு வேறு மாதிரி கட்டியிருப்பார்.

சுபுஹு பாங்கு முடிந்த கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். உள்ளறையில் உம்மாவைச் சுற்றிப் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

மாமா ஈரக் கையைக் கைலியில் துடைத்தபடி வெளியே வந்தார்.

"புள்ள, கபர்ஸ்தான் சீட்டுக்கு என்னா பேரு எழுதறது? நம்ம பேரா, அடையாளக் கார்டுல உள்ள பர்மாப் பேரா?"

"கார்டுல உள்ளதத்தான் கேப்பாங்க மாமா."

"அப்ப ஊ லா மவுங்." மாமா சீட்டில் எழுதினார். "பள்ளிவாசப் பலகையில அப்துல் ரவூப், கபர்ஸ்தான்ல லா மவுங். ஒரு குழியில ரெண்டு ஆளு, லாபம்தான்டான்னு மச்சானே சொல்லிச் சிரிச்சிருப்பாரு."

நாஜியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு பெயர்தான் கடந்த மூன்று வாரமாக அவளை அலைக்கழித்தது.

அண்ணன் ஜாபிர் ஏழு வயதில் வாப்பாவின் தம்பியான சாச்சாவோடு அமெரிக்கா போனவன். அப்போது அவளுக்கு மூன்று வயது. படிக்கட்டும், பிறகு திரும்பி வரட்டும் என்று வாப்பா மிங்கலாடோன் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தார். சாச்சா விசா முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். முடிவு எடுத்தது அவர், காகிதமில்லாதவனாக வளர்ந்தது ஜாபிர். குழந்தையாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கென்று அங்கே ஒரு சலுகை உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விண்ணப்பித்துப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் துரத்த மாட்டார்கள், வேலை செய்யலாம். ஆனால் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்ப முடியாது. போய்வர முன்கூட்டி அனுமதி வேண்டும். தகப்பன் சாகக் கிடக்கிறார் என்றால் கொடுப்பார்கள். சாகக் கிடப்பவர் தகப்பன்தான் என்று காகிதம் காட்டினால்.

வாப்பாவுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்ததும் அந்தக் காகிதங்களைச் சேர்க்கும் வேலை நாஜியாவுடையதாயிற்று. மருத்துவமனைக் கடிதம், அதன் மொழிபெயர்ப்பு, முத்திரை. அதே நேரத்தில் அமெரிக்க அலுவலகம் ஓர் அறிவிப்பு போட்டிருந்தது. இந்த விண்ணப்பங்களைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். நிரப்ப ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறோம், சரிதானா என்பது அதில் ஒரு கேள்வி. ஜாபிர் போனில் சிரித்தான். "மூணு மணியாம் நாஜி. நீ எல்லாத்தயும் எழுதி வை. நான் அனுப்பறேன்." கடைசி நாள் ஆகஸ்ட் பதினாறு.

சங்கத்து மாடியில் மாலை நேரத் தமிழ் வகுப்புக்காக வைத்திருந்த நாட்குறிப்பில் அவள் நேரத்தையும் குறிக்கத் தொடங்கினாள். பர்மியப் பள்ளியில் படித்தவள். தமிழ் எழுத்து இப்போதுதான் கைக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை அடித்து எழுதுவாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் எதையும் எழுதாமல் விட்டிருந்தாள். 'அமெரிக்காவிலிருந்து கடிதம் திரும்பி வந்தது. காரணம்:' என்பதற்குப் பிறகு வெறும் தாள்.

அலமாரி மேல் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் ஜாபிரின் முகம் உறைந்து, அசைந்து, மறுபடி உறைந்தது. காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. பேட்டரி முப்பத்தொரு சதவீதம்.

"நாஜி, வாப்பா குளிக்கிறாங்களா?"

"குளிப்பாட்டறாங்க காக்கா."

"தண்ணி சூடா இருக்கா?"

இருபத்தைந்து வயது ஆணின் குரல். ஆனால் அந்தத் தமிழுக்கு ஏழு வயதுதான். இங்கிருந்து போன நாளோடு அது வளரவில்லை.

"வெதுவெதுப்பா இருக்கு," என்றாள்.

அப்போது பால்கனி மணி அடித்தது. தெருவரை தொங்கும் கயிறு. நுனியில் ஒரு கிளிப்பு, மேலே மணி. பேப்பர்காரனும் காய்காரனும் மூன்று மாடி ஏற வேண்டாம் என்று வாப்பா கட்டியது. எட்டிப் பார்த்தாள். மொழிபெயர்ப்புக் கடை செல்வம், கையில் பழுப்பு உறையோடு அண்ணாந்து நின்றார்.

"மா நாஜியா! முடிஞ்சுது! ஆஸ்பத்திரியில திருத்திக் குடுத்துட்டாங்க, நேத்து ராத்திரியே உக்காந்து டைப் பண்ணிட்டேன். ரெண்டு பேரும் போட்டிருக்கு, முத்திரையும் ஆச்சு! இதோ மாட்டறேன், இழுங்க!"

அவள் கயிற்றைத் தொடவில்லை. செல்வம் கிளிப்பில் உறையை மாட்டப் போனவர், தெருக்கதவோரம் குவிந்திருந்த செருப்புகளையும், சுவரோரம் சாய்ந்திருந்த பச்சைத் துணி போட்ட சந்தூக்குப் பெட்டியையும் அப்போதுதான் பார்த்தார். கை பாதியில் நின்றது. உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியேறி வந்தார்.

வாசலில் அவருக்கு மூச்சு வாங்கியது. "எப்பம்மா?"

"காலையில."

"ஒரு நா முன்னாடி குடுத்திருந்தா..."

"ஒரு நாள்ல என்னண்ணே ஆகியிருக்கும்," என்றாள் நாஜியா. உறையை வாங்கிக்கொண்டாள்.

கஃபன் துணி கட்டி முடிந்ததும் உம்மாவை அழைத்து வந்து முகம் காட்டினார்கள். உம்மா வாப்பாவின் புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சு நூலை மட்டும் எடுத்துவிட்டாள். அந்தக் குறுகலான படிக்கட்டில் சந்தூக் திரும்பாது. ஜமுக்காளத்தில் வைத்துத்தான் இறக்க வேண்டும். நாலு பேர் நாலு மூலை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாமாவின் கை நழுவியது. பின்னால் வந்த செல்வம் சட்டென்று குனிந்து அந்த மூலையைப் பிடித்தார். அதன்பிறகு தெரு வரும்வரை அவர் விடவில்லை.

நாஜியா மேல்படியில் நின்று கைபேசியைக் கீழ்நோக்கிப் பிடித்திருந்தாள்.

"தல பாத்து," என்றான் ஜாபிர். "நாஜி, சொல்லு அவங்ககிட்ட. தல பாத்து. செவுத்துல இடிக்கும்."

"தலயப் பாத்து மாமா!" என்று அவள் கத்தினாள்.

தெருவில் கலிமா ஒலித்து, ஸ்ட்ராண்ட் சாலைப் பக்கம் தேய்ந்து போனது. நாஜியா படியிலேயே உட்கார்ந்தாள். பேட்டரி ஒன்பது.

"காக்கா, ஒண்ணு சொல்லணும்."

"ம்."

"அந்தக் கடிதம் திரும்பி வந்துச்சில்ல. ஆஸ்பத்திரில தப்பாப் போட்டுட்டாங்கன்னு சொன்னேன். அவங்க தப்பு இல்ல. கார்டக் குடுத்தது நான்தான். அதுல உள்ள பேரத்தான் போட்டாங்க. அங்கயே வாசிச்சும் பாத்தேன். வாப்பா பேருதானேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். ஒங்க பெறப்புச் சீட்டுல வாப்பா பேரு அப்துல் ரவூப்னு இருக்கறது நெனப்பே வரல."

திரையில் முகம் அசையாமல் இருந்தது. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தாள்.

"இங்க என் லாயர் அப்பவே கேட்டாங்க," என்றான் ஜாபிர். "உங்கப்பாக்கு வேற பேரு உண்டான்னு. இல்லன்னேன். மறுபடி கேட்டாங்க. எங்க வாப்பா பேரு எனக்குத் தெரியாதான்னு கோவமா சொன்னேன். அதுலயே ஒரு வாரம் போச்சு. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நாஜியா படியின் விளிம்பைத் தடவினாள்.

"என்ன பேரு அது? சரியாச் சொல்லு."

"லா மவுங். இஸ்கூல்ல டீச்சர் வெச்சதாம். மரியாதைக்கு முன்னாடி ஊ."

"அர்த்தம்?"

"அழகான பையன்னு சொல்லலாம்."

"வாப்பாவா?" ஜாபிர் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. பிறகு, "லா மவுங்," என்று சொல்லிப் பார்த்தான். "சரியா?"

"சரி காக்கா."

திரை கறுத்தது. பேட்டரியா, அவன் வைத்துவிட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மின்சாரம் வந்தது. மாமா கபர்ஸ்தானிலிருந்து வந்து, சேறு அப்பிய செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டார். உம்மாவுக்கு யாரோ கஞ்சி கொண்டுவந்து வைத்திருந்தார்கள்; ஆடை படிந்திருந்தது. நாஜியா தார்ப்பாயை அவிழ்த்து மடித்து, பழுப்பு உறையைப் பிரித்தாள். 'ஊ லா மவுங் என்கிற அப்துல் ரவூப் எங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகிறார்.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். இல்லை.

பிறகு நோட்டை எடுத்தாள். நேரங்களைக் கூட்டினாள்: நாற்பத்தாறு மணி முப்பது நிமிடம். சந்தேகம் வந்து மறுபடி கூட்டினாள். அதேதான். 'காரணம்:' என்ற இடத்துக்குத் திரும்பிப் போய், அதன் எதிரே, 'என் கவனக்குறைவு' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, அதை அடித்துவிட்டு, 'வாப்பாவுக்கு இரண்டு பெயர்' என்று எழுதினாள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஜாபிருக்கு அனுப்பினாள்.

புதுப் பக்கத்தில் தேதியைப் போட்டாள்.

ஆகஸ்ட் 15, வியாழன். வாப்பா காலை ஐந்து மணிக்கு மவுத். லுஹருக்குப் பின் அடக்கம். நாளை ஒன்பதரை மணிக்கு வட்டார அலுவலகம் போய் மரணச் சான்று கேட்க வேண்டும். கார்டும் பழைய பிறப்புச் சீட்டும் எடுத்துப் போக வேண்டும். இரண்டு பெயரும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார்க்க வேண்டும்.